நீருக்கடியில் ஒரு பூ

சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டின் நிழலோடையில் கிரிப்டோகோரைன் செடியைக் காண நேர்ந்தால் சற்றுக் குனிந்து பாருங்கள். நீரின் போக்குக்கெல்லாம் வளைந்து கொடுக்கும் மெல்லிய இலைகள். ஆனால் இலையை நம்பி இனம் சொல்ல முடியாது. வெளிச்சம் குறைந்தால் ஒரு நிறம், நீர் ஏறினால் வேறு நீளம். தேக்கா சந்தையில் தண்டைத் தொட்டே கீரையைப் பிரித்துவிடும் தேர்ந்த கைகளும் இங்கே தயங்கும்.

பூ வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் என்ன பூ! ஒடுங்கிய குழல், அதன் உச்சியில் விரியும் ஒற்றை மடல். அந்த மடல் வழுவழுப்பா சொரசொரப்பா, மஞ்சளா கருஞ்சிவப்பா, வாயோரம் விளிம்பு கட்டியிருக்கிறதா என்று ஆய்வாளர்கள் லென்ஸ் வழியே பார்க்கிறார்கள். குழலை நெடுக்காகக் கீறினால் அடியறையில் பெண்பூக்கள் வளையமாக அமர்ந்திருக்கும், மேலே ஆண்பூக்கள். மகரந்தத்தில் நீலச்சாயம் விடுவார்கள். உயிர்ப்புள்ள மணிகள் சாயத்தை அள்ளிக் குடிக்கும். வெற்றுமணிகள் வெளிறியே கிடந்தால் கலப்பினமோ என்ற ஐயம் வலுக்கும். எவ்வளவு நிதானமான கை வேண்டும் இதற்கு!

ஆய்வாளர்கள் பாஸ்ட்மையரும் ரூத் கியூவும் 2001இல் பூமலையின் (சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின்) ஆய்விதழில் விவரித்த கலப்பினம், கிரிப்டோகோரைன் திமாஹென்சிஸ், இந்தக் காட்டுச் செடிதான். பறிக்காமல் பாருங்கள்.