வாய்ச்சண்டையும் மறுமோதலும்

ஜோஸே ஆல்டோ பத்து ஆண்டுகள் தோல்வியே காணாத பிரேசில் கலப்புச் சண்டை வீரர். எதிராளியை நிதானமாக அளந்து, தொடையில் உதைத்துத் தளர்த்திவிட்டுப் பிறகே நெருங்குவது அவர் பாணி. 2015 டிசம்பர் 12 அன்று லாஸ் வேகஸில் அயர்லாந்தின் கானர் மெக்ரெகரைச் சந்தித்தபோது அந்தப் பாணியைக் கைவிட்டார். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே வலது கையை நீட்டி, இடது கையைச் சுழற்றிக்கொண்டு பாய்ந்தார். மெக்ரெகர் சற்றே பின்வாங்கி இடது கையால் ஒரு குத்து விட்டார். 13 நொடிகளில் எல்லாம் முடிந்தது.

அந்தப் பாய்ச்சலுக்கான விதை மார்ச் மாதமே விழுந்துவிட்டது. போட்டி விளம்பரத்துக்காக இருவரையும் ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். போன இடமெல்லாம் மெக்ரெகர் சீண்டினார். டப்ளின் மேடையில் ஆல்டோவின் முன்னால் இருந்த சாம்பியன் பெல்ட்டையே பறித்துத் தூக்கிக்காட்டிக் கத்தினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. அதை ஒரு போர்த் தந்திரமாகவே மெக்ரெகர் பயன்படுத்தினார் என்பது என் கணிப்பு.

கோபம் ஒருவரின் கவனத்தைச் சுருக்குகிறது. எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புச் சண்டையில் எதிராளியின் கை, கால், முழங்கால், இடுப்பைப் பிடித்துச் சாய்க்கும் முயற்சி என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்தாக வேண்டும். உடலும் மனமும் ஓரளவு பரபரப்பாக இருந்தால் செயல்திறன் கூடும், அளவு மீறினால் குறையும் என்பது யெர்க்ஸ், டாட்சன் என்ற உளவியலாளர்களின் 1908ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்ந்த கருத்து. வேலை சிக்கலானதாக இருந்தால் அந்தச் சரிவு சீக்கிரமே வந்துவிடும். கூண்டுக்குள் நடக்கும் இந்தச் சண்டையைப் போலச் சிக்கலான விளையாட்டுகள் குறைவு.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெரமி யிப், மாரிஸ் ஷ்வைட்சர், சமீர் நூர்முகமது ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏளனத்துக்கு ஆளானவர்கள் மும்முரமாக உழைத்தார்கள் என்பது தெரிந்தது. அவர்கள் விதியை மீறவும் கூடுதலாகத் துணிந்தார்கள். புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளில் மட்டும் சறுக்கினார்கள். ஆகவே, வாயால் சீண்டுகிறவர் எதிராளியின் நிதானத்தைக் குலைக்கிற அதே நேரத்தில் அவருடைய உழைப்பைத் தூண்டியும் விடுகிறார். இரண்டில் எது மேலோங்கும் என்பதைச் சீண்டியவரால் தீர்மானிக்க முடியாது.

இந்தக் கணக்கு மறுமோதலில்தான் தெளிவாகத் தெரியும். முதல் சந்திப்பில் எதிராளியைப் பற்றி ஒரு வீரருக்குத் தெரிந்ததெல்லாம் காணொளியும் கேள்வியறிவும்தான். அந்த வெற்றிடத்தில் வார்த்தைகள் புகுந்து மிரட்டலாம். ஒருமுறை மோதிய பிறகு எதிராளியின் குத்தின் கனம் என்ன, எந்தச் சுற்றில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடுகிறது. பிறகு வாய்ப்பேச்சுக்கு மதிப்பு பாதிதான்.

மெக்ரெகரும் அமெரிக்கரான டஸ்டின் போரியேவும் மோதிய மூன்று ஆட்டங்கள் இதற்கு நல்ல சான்று. 2014 செப்டம்பரில் மெக்ரெகரின் நக்கலால் போரியே கொதித்துப்போயிருந்தார். எடை பார்க்கும் மேடையிலேயே அவர் முகம் அதைச் சொன்னது. முதல் சுற்றிலேயே வீழ்ந்தார். 2021 ஜனவரியில் அபுதாபியில் இருவரும் கைகுலுக்கி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். போரியே நிதானமாக மெக்ரெகரின் கெண்டைக்காலை உதைத்து உதைத்து நடையையே கெடுத்து, இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அதே ஆண்டு ஜூலையில் மெக்ரெகர் பழைய வசைக்குத் திரும்பினார். இந்த முறை போரியே அசையவில்லை. முதல் சுற்றின் முடிவில் கால் முறிந்து கீழே அமர்ந்திருந்த மெக்ரெகர், அந்த நிலையிலும் போரியேவின் மனைவியை இழுத்துப் பேசினார். 2014இல் பலித்த ஆயுதம் 2021இல் மழுங்கிப்போயிருந்தது. கால் முறிந்த ஆட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனால் அதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களிலும் போரியேவின் கைதான் ஓங்கியிருந்தது.

தோற்றவரின் மனத்தில் நடப்பதும் முக்கியம். கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர் 2007 ஏப்ரலில், யாரும் எதிர்பாராத விதமாக மேட் செர்ராவிடம் சாம்பியன் பட்டத்தை இழந்தார். பழிவாங்கும் எண்ணம் அவரைத் தின்றது. ஒரு செங்கல்லில் செர்ராவின் பெயரை எழுதிச் சுமந்து திரியச் சொன்னார் அவருடைய மனநல ஆலோசகர். சுமை தாங்காமல் போனதும் அதை ஆற்றில் எறியச் சொன்னார். 2008 ஏப்ரலில் மான்ட்ரியலில் நடந்த மறுமோதலில் செயின்ட் பியர் வெறியோடு பாயவில்லை. செர்ராவைத் தரையில் சாய்த்துக் கட்டுப்படுத்தி, இரண்டாம் சுற்றில் வென்றார். எம்.எம்.ஏ. வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த வெற்றி இதுதான்.

வாய்ச்சண்டைக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. சண்டையைக் கட்டணம் கட்டி வீட்டில் பார்ப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே நட்சத்திர வீரர்களின் வருமானம் நீண்ட காலமாக ஏறிவந்தது. பேசத் தெரியாத திறமைசாலி பல ஆண்டுகள் காத்திருக்கையில், பேசத் தெரிந்தவர் பட்டப் போட்டிக்கு விரைவில் வந்துவிடுகிறார். சேல் சானன் என்ற வீரர் தன் வாயாலேயே சாம்பியன் ஆண்டர்சன் சில்வாவுடனான போட்டியைப் பெரிதாக்கினார். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் 2010இல் நான்கு சுற்றுகள் சில்வாவை அவர் ஆட்டிவைத்தது மல்யுத்தத் திறனால். வாய்க்கு அதில் பங்கில்லை. ஐந்தாம் சுற்றில் பிடியில் சிக்கித் தோற்றார். 2012 மறுமோதலில் சுழன்று அடிக்கப் போய்த் தடுமாறி விழுந்து, அங்கேயே முடிந்துபோனார்.

என் எதிர்ப்பு எல்லை மீறும் பேச்சுக்குத்தான். 2018இல் மெக்ரெகர், தன் எதிராளி கபீப் நூர்மகமதோவின் மதம், தந்தை, நாடு எல்லாவற்றையும் இழிவாகப் பேசினார். அதே ஆண்டு ஏப்ரலில் புரூக்ளினில் கபீப் இருந்த பேருந்தின் மீது இரும்புத் தள்ளுவண்டி வீசப்பட்டது. கண்ணாடி சிதறிக் காயமடைந்த வேறு இரு வீரர்கள் தங்கள் சண்டைகளையே இழந்தார்கள். போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனம் அந்தத் தாக்குதல் காட்சியை இருவரின் சண்டைக்கான விளம்பரத்தில் போட்டு, சுமார் 24 லட்சம் கட்டண ஒளிபரப்புகளை விற்றது. அக்டோபர் 6 அன்று நான்காம் சுற்றில் கபீப் வென்றார். உடனே கூண்டைத் தாண்டிக் குதித்து, மெக்ரெகர் தரப்பினர்மீது பாய்ந்தார். அவருக்கு ஒன்பது மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன. வெற்றி கூட அவர் கோபத்தை ஆற்றவில்லை.

அதிலிருந்து யாரும் பாடம் கற்கவில்லை. 2023 டிசம்பரில் போட்டிக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில் கோல்பி கவிங்டன் என்ற வீரர், தன் எதிராளி லியோன் எட்வர்ட்ஸின் கொலையுண்ட தந்தையை இழுத்துப் பேசினார். எட்வர்ட்ஸ் அந்த ஆட்டத்தை வென்றார். தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளப் பெரும்பாடு பட்டதாகப் பிறகு சொன்னார்.

கூண்டுக்குள் கண்ணில் விரலைவிட்டால் நடுவர் புள்ளியைக் குறைக்கலாம். மைக்கின் முன்னால் ஒருவரின் மதத்தையும், மனைவியையும், இறந்த தந்தையையும் இழுப்பவரின் ஊதியத்திலும் அதேபோலக் கை வைக்க வேண்டும். போட்டிக்கு உரிமம் வழங்கும் ஆணையங்கள் இதை ஒப்பந்த விதியாகவே எழுதட்டும். எதிராளியின் குத்தையும் உதையையும் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யட்டும், குடும்பத்தை விட்டுவிடட்டும்.