பல்லக்கும் ஏட்டுச்சுவடியும்: வீரமாமுனிவர் வரலாறு பற்றி ஒரு திறனாய்வு

பாண்டியரின் கொற்கைத் துறையை விட்டுக் கடல் பின்வாங்கிய பின்னர், அதன் முத்துவளம் காயலுக்கும், பின்பு தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. அந்த முத்துக்குளித்துறையில், புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையால் புகழ்பெற்ற ஊர் மணப்பாடு. தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் தம் முதுமையில் அங்குப் பணிபுரிந்தார். அவர் அங்கு வந்தது எவ்வாறு? பல தலைமுறைகளாக நாம் கேட்டுவரும் விடை இது: திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபின் அன்பைப் பெற்று, அவருக்குத் திவானாக உயர்ந்த முனிவர், அவ்வாட்சி வீழ்ந்தபோது தப்பி இக்கடற்கரையை அடைந்தார் என்பதே அது. மன்னனின் அன்பர் அமைச்சரான இந்தக் கதையைத் தகுந்த மதிப்புடன், ஆயினும் சற்றுக் கூர்ந்து ஆராய்வது நம் கடமை.

இக்கதைக்கு முதன்மையான மூலம், முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய முனிவர் வரலாறு. சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சார்ந்த அவர், எல்லிஸ் துரையின் தூண்டுதலால் தென்னாட்டுக்குச் சென்று முனிவரின் நூல்களைத் தேடித் திரட்டியவர். ஏடுகள் செல்லுக்கு இரையாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் செய்த அத்தொண்டுக்குத் தமிழுலகம் என்றும் கடன்பட்டுள்ளது. ஆயினும் முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த நிலையில், வரலாற்றுக்காக அவர் பெரிதும் நம்பியது வாய்மொழிச் செய்திகளையே.

அவ்வரலாறு நமக்குக் காட்டும் காட்சி கண்ணைக் கவர்வது. முனிவர் மூன்றே மாதங்களில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்று அரசவைக்குச் செல்கிறார். சந்தா சாகிபு வியந்து அவருக்கு 'இசுமத்தி சந்நியாசி' என்னும் பட்டமும், தந்தப் பல்லக்கும், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வருவாயுள்ள நான்கு ஊர்களும் அளித்துத் திவான் பதவியையும் தருகிறார். தமிழிலக்கியம் பயின்ற எவருக்கும் இக்காட்சி புதிதன்று. புலமையைக் கண்டு வியக்கும் புரவலன், பட்டம், ஊர்தி, இறையிலி நிலம் என்னும் இவை யாவும் நம் புலவர் வரலாறுகளில் வழிவழியாக வருபவை. மதுரையில் பாண்டியனின் அமைச்சராயிருந்து அடியாரான மாணிக்கவாசகரின் கதையையும் ஆசிரியர் அறியாதவரல்லர். அங்கே அமைச்சர் துறவியானார். இங்கே துறவி அமைச்சராகிறார். இத்தாலியிலிருந்து வந்த ஒருவரை முழுத் தமிழ்ப் புலவராக ஏற்றுக்கொண்டோம் என்பதைச் சொல்ல ஆசிரியருக்குக் கிடைத்த மொழி இது. அந்த அன்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அன்பின் மொழி வேறு, நடந்ததற்குச் சான்று வேறு.

ஒரு துறவி அரசவைப் பதவி வகிக்கவே முடியாது என்று நாம் வாதிடவில்லை. இயேசு சபையின் சட்டங்கள் அரசியல் அலுவல்களிலிருந்து விலகியிருக்கப் பணித்தாலும், பீக்கிங் நகரில் ஆடம் ஷால் அடிகளார் பேரரசின் வானியல் துறைக்குத் தலைவராக இருந்தார். அவர்பால் பேரன்பு கொண்டிருந்த ஷுன்சி பேரரசர் 1661-இல் இறந்தார். 1665-இல் அதே அடிகளாருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் விடுவிக்கப்பட்டாலும் மறு ஆண்டே அவர் மறைந்தார். மன்னரின் நிழல் எத்துணை விரைவில் நகர்ந்துவிடுகிறது! ஷாலின் பதவிக்கு அரசு ஆவணங்களே சான்று பகர்கின்றன. வீரமாமுனிவரின் திவான் பதவிக்கு அத்தகைய உறுதி இல்லை. சபை ஆவணங்களை ஆய்ந்த அறிஞர் பலரும் அதனை ஐயுற்றுள்ளனர்.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மற்றோர் உண்மையும் தெளிவாகிறது. சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றியது 1736-இல். வேதியர் ஒழுக்கம் 1727-இலும், தொன்னூல் விளக்கம் 1730-இலும், சதுரகராதி 1732-இலும் எழுதப்பட்டன. 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணியும் அதற்கு முன்னரே நிறைவுற்றது. ஆகவே முனிவரின் பெருமைக்குரிய பணிகளுள் எதுவும் நவாபின் பல்லக்கில் ஏறி வந்ததன்று. பல்லக்கை முழுவதும் நீக்கிவிட்டாலும் அவர் பெருமையில் ஓர் எழுத்தும் குறையாது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது அதன் முடிவே. 1741 மார்ச்சுத் திங்களில் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு சென்றனர். முனிவர் அடுத்த ஆண்டே மணப்பாட்டில் இறந்தார் என்று முத்துசாமிப் பிள்ளை எழுதி முடிக்கிறார். ஆனால் சபைக் குறிப்புகளின்படி அவர் இறந்தது 1747 பெப்ருவரி 4-ஆம் நாள், சேரநாட்டு அம்பலக்காட்டில். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கதையிலிருந்து நழுவிவிட்டன. அரசனின் தயவு முடிந்ததும் வாழ்வும் முடிந்ததாகக் கதை கருதிக்கொண்டது. பட்டமும் பரிவாரமும் இன்றி, ஆலந்துக்காரர் ஆதிக்கம் நிலவிய கடற்கரையில், வலையும் தோணியுமாய் வாழ்ந்த பரதவ மக்களிடையே ஒரு முதிய குரு ஆற்றிய பணி கதைக்குரிய பொருளாக யாருக்கும் தோன்றவில்லை. நம் உள்ளத்துக்கோ, அவர் வாழ்வின் உயர்ந்த பகுதியே அதுதான் எனத் தோன்றுகிறது.

இது பழைய நூலொன்றின் பிழைதிருத்தம் மட்டுமன்று. நம் பங்குகளில் வெளிவரும் விழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். ஆலயத்துக்கு ஒருமுறை வந்துபோன அமைச்சரின் படம் முழுப்பக்கத்தில் நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் சிறுவர்க்கு மந்திரம் கற்பித்த உபதேசியாரின் பெயர் கடைசிப் பக்கத்தில், சில வேளை அதுவும் இல்லாமல் போகிறது. ஆள்வோர் நம்மை மதித்தனர் என்பதையே நம் விசுவாசத்தின் மதிப்புக்குச் சான்றாகக் காட்டும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியுள்ளது. சிறுபான்மையினராய் வாழும் மக்களுக்கு அத்தகைய பாதுகாப்புணர்வு தேவைப்படுவதை நாம் உணர்கிறோம். எனினும், மன்னரை நம்பவேண்டாம் எனத் திருப்பாடலாசிரியர் எச்சரித்தது அத்தேவையை அறியாமலன்று.

வேதியர் ஒழுக்கம் அந்த உபதேசியார்களுக்காகவே எழுதப்பட்ட நூல் என்பதை இங்கே நினைத்துக்கொள்வது நன்று. தம் உழைப்பைப் பல்லக்கில் வருவோருக்காக அன்றி, கால்நடையாய் ஊர் ஊராகச் சென்று மறை போதிப்போருக்காக முனிவர் செலவிட்டார். இக்கடற்கரையில் குளித்தெடுத்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளிலிட்டுத் தரம் பிரிப்பது முற்காலத்தில் வழக்கமாக இருந்தது. நம் முன்னோர் வரலாறுகளையும் அவ்வாறே சலித்தெடுத்தால், பல்லக்கு துளை வழியே நழுவிவிடும். ஏட்டுச்சுவடி மேலே நிற்கும். அதையே நம் பிள்ளைகள் கையில் கொடுப்போம்.