அந்த முகத்தைத் துடைத்தால் என்ன தெரியும்?

"இவ்வளவு அப்பிக்கிட்டு யாரை ஏமாத்தப் போறா?" கனமாக மேக்கப் போட்ட பெண்ணைப் பார்த்ததும் பலருக்கு முதலில் வருகிற கேள்வி இதுதான். ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய 'டேஞ்சரஸ் லியேசான்ஸ்' (1988) இந்தக் கேள்வியை நம் பக்கமே திருப்பிவிடுகிறது.

கதை நடப்பது புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில். அங்கே பிரபுக்களுக்கு வெள்ளைப் பூச்சும் கன்னச் சிவப்பும் அந்தஸ்தின் அடையாளம், ஆண்களும் பூசினார்கள். க்ளென் க்ளோஸ் நடித்த மெர்த்தே சீமாட்டி பெரிய சூழ்ச்சிக்காரி, சந்தேகமே இல்லை. ஆனால் அவள் தன் பழைய கதையைச் சொல்கிற காட்சியைக் கவனியுங்கள். பதினைந்து வயதில், மேஜைக்கு அடியில் முள்கரண்டியால் கையைக் குத்திக்கொண்டே, மேலே சிரித்த முகமாக இருக்கப் பழகியவள் அவள். அந்த முகம்தான் அவளுக்குக் காவல். பவுடர் அதன் மேலடுக்கு, அவ்வளவுதான்.

லாக்லோ 1782இல் எழுதிய மூல நாவல் அவளுக்குப் பெரியம்மை வரவைத்து, ஒரு கண்ணையும் பறிக்கிறது. இப்போதுதான் அவள் ஆன்மா முகத்தில் தெரிகிறது என்று ஒருவர் கேலியும் பேசுகிறார். எனக்கு அது மலிவான நீதியாகப் படுகிறது.

படத்தில் அம்மை கிடையாது. ஓபராவில் கூட்டமே கூச்சலிட்டு அவளை அவமானப்படுத்துகிறது. கடைசியில் கண்ணாடி முன் தனியாக உட்கார்ந்து பூச்சைத் துடைக்கிறாள். அடியில் பேய் எதுவும் இல்லை. களைத்துப்போன ஒரு சாதாரண முகம்.

கூச்சல் போட்டவர்களும் அதே பூச்சு உலகத்து ஆட்கள்தானே? அவர்களை யார் துடைக்கச் சொன்னார்கள்? யாரை ஏமாத்தறா என்று கேட்பது சுலபம். யாருக்குப் பயந்து இந்தக் காவல் என்று கேட்டால், பதிலில் நாமும் இருப்போம்.