எல்லைக்கட்டையும் புதைகுழியும்: றோல்வாக்கின் குடியேற்ற நாவல் பற்றிய ஒரு நோக்கு

ஐரோப்பியர் வட அமெரிக்காவிற் குடியேறிய வரலாறு பெரும்பாலும் உழைப்பின் வெற்றிக் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வந்தவர் எதனை இழந்தனர், அவர்களுக்கு முன்பிருந்தவர் எதனை இழந்தனர் என்னும் இரு வினாக்களுக்கும் அக்கதையில் இடமில்லை. முதலாவது வினாவை நேர்மையுடன் எதிர்கொண்ட படைப்பாளருள் ஓலே எட்வார்ட் றோல்வாக் (1876–1931) முக்கியமானவர். இரண்டாவதை அவர் எந்த அளவிற்கு எதிர்கொண்டார் என்பதையே இங்கு நாம் ஆராய விழைகின்றோம்.

நோர்வேயின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்று சதவீதமே பயிர்ச்செய்கைக்கு ஏற்றது. பெருகிய மக்களுக்கு நிலம் போதாமையால், 1825 இற்கும் 1925 இற்கும் இடையில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வட அமெரிக்கா சென்றனர். 1862 ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்க நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிட்டவருக்கு 160 ஏக்கர் வரை வழங்கியது. குடியுரிமை பெறும் எண்ணத்தை முறைப்படி அறிவித்த அந்நியரும் அதற்கு உரியவராயினர். மொழியாலும் பண்பாட்டாலும் கலப்பதற்கு முன்னரே நிலவுடைமை அவர்களைப் புதிய அரசோடு பிணைத்துவிட்டது. பின்வந்தோர் ஒன்றிணைவு எனப் போற்றும் நிகழ்வின் பொருளாதார அடித்தளம் இதுவேயாகும்.

மீனவராகத் தொழில் செய்த றோல்வாக் 1896 இல் தென் டக்கோட்டாவிற்குச் சென்றார். பண்ணையில் உழைத்து, பின்னர் கற்று, மினசோட்டாவின் சென்ற் ஓலாஃப் கல்லூரியில் நோர்வீஜிய மொழிப் பேராசிரியரானார். அவரது நாவல் 1924, 1925 ஆம் ஆண்டுகளில் நோர்வேயில் இரு பகுதிகளாகவும், 1927 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆதியாகமத்தை நினைவூட்டும் அதன் ஆங்கிலத் தலைப்பை ‘பூமியிலே இராட்சதர்’ எனத் தமிழிற் கூறலாம். அமெரிக்க மண்ணின் கதை முதலில் வேறொரு மொழியிலே எழுதப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

1873 இல் டக்கோட்டாப் புல்வெளியில் தொடங்கும் கதையில், பெர் ஹான்சாவும் அவன் மனைவி பேரெட்டும் ஒரே அனுபவத்தின் இரு முகங்களாக அமைகின்றனர். அவனுக்கு அவ்வெளி வருங்காலம். மறைந்து நிற்க ஒரு மரமுமற்ற அதே வெளி அவளுக்குப் பேரச்சம். வெட்டுக்கிளிகள் பயிரை அழிக்க வருகையில், தாய்நாட்டிலிருந்து கொணர்ந்த பெரிய பெட்டகத்தினுள் அவள் குழந்தைகளுடன் ஒளிந்துகொள்கிறாள். பின்னர் ஊர் ஊராகச் செல்லும் போதகர் அப்பெட்டகத்தையே திருவிருந்துப் பீடமாக்குகின்றார். இழந்த பண்பாட்டின் சுமையும் புகலிடமும் ஒரே பொருளில் இணைவதை, எவ்விதப் பிரகடனமுமின்றி ஆசிரியர் உணர்த்திவிடுகின்றார். பேரெட்டின் மனநோயைத் தனிமனித பலவீனமாகக் கொள்ளும் வாசிப்பு, நாவலின் சமூக உள்ளடக்கத்தைத் தவறவிடும் என்பதே நமது கருத்து.

எல்லைக்கட்டைச் சம்பவம் இன்னும் ஆழமானது. அயலவரின் நிலத்தில் ஐரிஷ்காரர் நட்டிருந்த கட்டைகளைப் பெர் ஹான்சா இரகசியமாகப் பிடுங்கி எரிக்கின்றான். ஐரிஷ்காரரிடம் பதிவுப் பத்திரம் இல்லாமையால் சட்டம் நோர்வீஜியர் பக்கமே நிற்கின்றது. ஆயின், எல்லைக் குறியை அகற்றுவது மாபாதகம் எனக் கற்ற பேரெட் கணவனின் செயலால் நடுங்குகின்றாள்.

எனினும், பேரெட்டின் மனச்சாட்சி ஐரிஷ்காரரின் கட்டையோடு நின்றுவிடுகின்றது. பெர் ஹான்சாவின் நிலத்துக் குன்றில் ஆதிக்குடியொருவரின் புதைகுழி இருப்பதை நாவலே காட்டுகின்றது. அவன் ஆதிக்குடியொருவரின் புண்பட்ட கைக்கு மருத்துவம் செய்யும் பகுதியில் மனிதநேயமும் உண்டு. ஆனால், அப்புதைகுழிக்குரிய மக்கள் எவ்வாறு அகன்றனர் என்று எவரும் வினவுவதில்லை. தென்கிழக்கு டக்கோட்டாவின் பெரும்பகுதி 1858 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் யாங்க்டன் சியூ மக்களிடமிருந்து பெறப்பட்டது. 1862 டிசம்பர் 26 ஆம் நாள், அண்டைய மினசோட்டாவின் மன்கேற்றோவில் டக்கோட்டா ஆடவர் 38 பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். கதை தொடங்குவது அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின்னரே. நாவலின் முதற்பகுதி வெளிவந்த 1924 ஆம் ஆண்டிலேதான், ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த ஆதிக்குடிகள் யாவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. வந்தேறியவருக்கு எண்ணத்தை அறிவித்தாலே நிலம் கிடைத்தது; மண்ணின் மக்களுக்கோ, நிலத்தை இழந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே குடியுரிமை வந்தது.

இதனால் நாவலின் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. வறுமை துரத்த வந்த உழவர் ஆக்கிரமிப்பின் சூத்திரதாரிகள் அல்லர். ஆயினும் அதன் பயனைப் பெற்றவர். இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே ஏற்பதே விமர்சனத்தின் கடன். இறுதியிற் பனிப்புயலில் மாண்ட பெர் ஹான்சா, வைக்கோற்போரிற் சாய்ந்து மேற்கு நோக்கிய விழிகளுடன் காணப்படுகின்றான். அவன் நோக்கிய மேற்கிலும் மக்கள் வாழ்ந்தனர். குடியேற்ற இலக்கியத்தை மதிப்பிடும்போது, வந்தவரின் பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் நாம், குன்றின்மேலுள்ள புதைகுழியையும் காணத் தவறலாகாது.