கம்பியில்லா ஹெட்போன்: பாட்டுக்குச் சரி, பேச்சுக்கு?

புதுச்சேரிக்குத் தெற்கே, அரிக்கமேட்டை அடுத்துக் கடலோரமாக அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேரோட்டத்தன்று அங்கே போய் நின்றால் நாகசுரம், தவில், கூம்பு ஒலிபெருக்கி, அலையோசை எல்லாம் ஒன்றாய்க் கலந்து காதில் விழும். அதே கூட்டத்தில், இன்று எந்த ஊரிலும் காண்பதுபோல, காதில் சிறு குமிழ் ஒன்றைச் செருகிக்கொண்டு நடக்கும் இளைஞர்களும் உண்டு. அந்தக் குமிழ்தான் கம்பியில்லா ஸ்டீரியோ ஹெட்போன்.

“பாட்டுக் கேட்கலாம், போன் பேசலாம், கம்பி வேண்டாம்” என்று விளம்பரம் சொல்கிறது. இந்த வாக்குறுதிகளை விஞ்ஞான முறையில் உரைத்துப் பார்ப்போம். உரைகல்லாகக் கடற்கரை ஊரைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. காற்றும் உப்பும் என்ஜின் இரைச்சலும் ஒரு கருவியின் குறைகளை விரைவில் வெளிக்கொணரும். மேலும், கம்பியில்லா முறையில் வந்த செய்தியை ஒலியாக்கி ஊருக்கே வழங்கிய வரலாறு வீராம்பட்டினத்துக்கு உண்டு.

பாட்டு எப்படி வருகிறது?

போனுக்கும் ஹெட்போனுக்கும் இடையே செய்தி கொண்டு செல்வது ‘புளூடூத்’ எனும் ரேடியோ முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசனின் பட்டப்பெயர் அது. 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில், 79 தடங்களுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவித் தாவி இது வேலை செய்கிறது. ஒரு தடத்தில் வேறு கருவியின் குறுக்கீடு இருந்தாலும் அடுத்த தாவலில் தப்பிவிடலாம். இவ்வாறு தாவும் முறை ஒன்றுக்கு 1942-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் ஹெடி லமார் என்ற திரைப்பட நடிகை என்பது சுவையான செய்தி.

குறுந்தகட்டில் பதிவான இசையில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் ‘பிட்’ தகவல் உண்டு. புளூடூத்தின் அடிப்படைச் சுருக்கமுறை இதை மூன்றேகால் லட்சம் பிட்டுக்குள் அடக்குகிறது. அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் கழிக்கப்படுகிறது! அப்படியானால் பாட்டு பாழாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஓங்கி ஒலிக்கும் தவிலின் அருகே மெல்லிய தம்பூராவின் நாதம் நம் காதில் விழுவதில்லை அல்லவா? ஓர் ஒலி மற்றோர் ஒலியை மறைக்கும் இந்த இயல்பைப் பயன்படுத்தி, காது எப்படியும் கவனிக்காத நுட்பங்களைத்தான் பெரும்பாலும் குறைக்கிறார்கள். பேருந்திலோ கடற்கரையிலோ கேட்பவருக்கு வேறுபாடு எளிதில் தெரியாது.

ஸ்டீரியோ என்ற உரிமையும் ஓரளவு உண்மையே. இடப்பக்கம் எழும் ஒலி வலக்காதை அடைய, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே கூடுதலாக ஆகும். அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டும், இரு காதுகளிலும் ஒலியின் வலிமை மாறுவதைக் கொண்டும் மூளை திசையை அறிகிறது. இந்த அடிப்படையில் இரு தட ஒலிப்பதிவுக்கு ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் ஹெட்போனில் இடத்தட ஒலி இடக்காதை மட்டுமே அடைகிறது. தலையைத் திருப்பினால் கச்சேரி மேடையும் கூடவே திரும்புகிறது. அதனால்தான் பாட்டு எதிரே நடப்பதுபோல் தோன்றாமல் தலைக்குள்ளே நடப்பதுபோல் தோன்றுகிறது. இது குறையே ஆயினும் பொறுத்துக்கொள்ளக் கூடியது. பாட்டுத் தேர்வில் இக்கருவி தேறிவிட்டது எனலாம்.

பேச்சு ஏன் மங்குகிறது?

போன் அழைப்பு வந்ததும் நிலைமை மாறுகிறது. பாட்டு ஒருவழிப் பாதையில் வருவது. பேச்சோ இருவழி, சற்றும் காலந்தாழ்த்தக் கூடாது. ஆகவே பழைய புளூடூத் முறையில், அழைப்பு வந்த கணமே கருவி ஸ்டீரியோவைக் கைவிட்டு ஒற்றைத் தடத்துக்கு மாறுகிறது. மிகப் பழைய முறையில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் போவதே இல்லை. திருந்திய முறையில் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது. அதை வெட்டினால் ‘ஸ்’ என்றாரா ‘ஃப்’ என்றாரா என்ற ஐயம் எழுகிறது. “ஹெட்போன் போட்டதும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது” என்று பலர் குறைகூறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மைக் இருக்கும் இடம் இன்னொரு தொல்லை. வாயிலிருந்து 3 சென்டிமீட்டரில் மைக் இருப்பதாகவும், அதை 12 சென்டிமீட்டருக்கு நகர்த்துவதாகவும் கொள்வோம். தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். இங்கே தூரம் இருமுறை இரட்டிக்கிறது. ஆக 12 டெசிபெல் இழப்பு. சுற்றுப்புற இரைச்சலோ குறையவில்லை! இதைச் சரிக்கட்ட இரண்டு மூன்று சிறு மைக்குகளை வைத்து, அவற்றை ஒப்பிட்டு, வாயின் திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். அறைக்குள் இது நன்றாக வேலை செய்யும். கடற்காற்றில் செய்யாது. ஏனெனில் காற்று மைக்கின் வாயில் மோதி உண்டாக்கும் சுழல் இரைச்சல் ஒவ்வொரு மைக்கிலும் வெவ்வேறாக இருக்கும். ஒப்பிட்டுக் கழிக்க வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், குறை நமக்குத் தெரிவதே இல்லை. எதிர்முனையில் இருப்பவர் குரல் நம் காதுக்குள் வந்துவிடுகிறது. நம் குரல் அவருக்கு எப்படிப் போகிறது என்பதை அவர் மட்டுமே அறிவார். கடையில் பாட்டைப் போட்டுப் பார்த்து ஹெட்போன் வாங்குகிறோம்; பேசிப் பார்த்து வாங்குபவர் மிகச் சிலரே. வாங்குபவர் சோதிக்காத பாதியில் தயாரிப்பாளர் ஏன் பணத்தைச் செலவிடப் போகிறார்?

இரைச்சலை இரைச்சலால்

விலையுயர்ந்த கருவிகளில் ‘இரைச்சல் நீக்கி’ என்ற வசதி உண்டு. வெளியிலிருந்து வரும் அலையின் மேட்டுக்குப் பள்ளமும் பள்ளத்துக்கு மேடுமாக ஓர் எதிரலையை உண்டாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கச் செய்வதே இதன் தத்துவம். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், 1978-இல் விமானப் பயணம் ஒன்றின்போது இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான ஹெட்போனை வெளியிட்டது.

100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர்; 3,400 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 10 சென்டிமீட்டர்தான். நீண்ட அலைக்கு எதிரலை பொருத்துவது எளிது. குறுகிய அலைக்குக் கடினம. ஆகவே என்ஜினின் உறுமல் நன்றாக அடங்கும். குழந்தையின் அழுகையும் கூச்சலும் அவ்வளவாக அடங்கா. படகில் செல்பவருக்கு இது வரம் என்று தோன்றும். ஆனால் என்ஜினின் உறுமல் மாறுவதைக் கேட்டே பழுதை உணர்பவர் படகோட்டி. வலை விசிறியில் சிக்கியதையும், பக்கத்துப் படகு நெருங்குவதையும் காதுதான் முதலில் சொல்லும். அந்தக் காதை அடைத்துவிட்டுக் கடலில் செல்வது எவ்வளவு தூரம் அறிவுடைமை? சாலையில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். “ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும்” என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சோதனை நடப்பது நன்னீரில். உப்புநீர் மின்னேற்றும் முனைகளை அரித்துவிடும். உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலமும் சில நூறு முறை மின்னேற்றியபின் சோர்ந்துவிடுகிறது. பெரும்பாலான குமிழ்களில் அதை மாற்ற வழி வைக்கவில்லை. கம்பி அறுந்தால் பற்றவைத்துக்கொண்ட காலம் போய், மின்கலம் சோர்ந்தால் முழுக் கருவியையும் குப்பையில் போடும் காலம் வந்திருக்கிறது. வசதி என்ற பெயரில் நாம் கொடுக்கும் விலைகளுள் இதுவும் ஒன்று.

அஞ்ச வேண்டியது எதற்கு?

“காதுக்குள் ரேடியோ அலை பாய்கிறதே, மூளைக்கு ஆபத்து இல்லையா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். இக்கருவியின் ரேடியோ ஆற்றல் சில மில்லிவாட் அளவே; கையிலுள்ள போன் வெளியிடக்கூடிய உச்ச ஆற்றலைவிட மிகக் குறைவு. அணுக்களைச் சிதைக்கும் எக்ஸ் கதிர் வகையையும் சேர்ந்ததன்று. அஞ்ச வேண்டியது ரேடியோ அலைக்கு அன்று, ஒலிக்கே.

80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் ஒலியாற்றல் இரட்டிப்பதால் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி. 86-இல் 10 மணி. 89-இல் 5 மணி. 92-இல் இரண்டரை மணி. இது வாரம் முழுவதற்குமான கணக்கு என்பதை மறவாதீர்கள். என்ஜின் சத்தத்தை மிஞ்சப் பாட்டை உயர்த்துபவர், ஒரே நாளில் வாரக் கணக்கைத் தீர்த்துவிடுவார். உட்காதிலுள்ள மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சல் நீக்கியின் உண்மையான நன்மை இங்கேதான் உள்ளது. இரைச்சல் அடங்குவதால் பாட்டை மெல்ல வைத்தே கேட்க முடிகிறது.

ஊருக்கு ஒரு குரல்

புளூடூத்தை வளர்க்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு அமைந்தது 1998-இல். அதே ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு, தொலைபேசியோடு ரேடியோக் கருவிகளையும் பயன்படுத்திக் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். வீராம்பட்டினத்துக்கு வந்த செய்திகளுள் முக்கியமானது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த முன்னறிவிப்பைத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுவதும் கேட்க அறிவித்தார்கள்.

அந்த ஒலிபெருக்கியின் ஒலித்தரம் இன்றைய மலிவான ஹெட்போனுக்கும் ஈடாகாது. ஸ்டீரியோ இல்லை; இனிமை இல்லை. ஆனால் கேட்பவர் எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று இதன் மதிப்பு வெளிப்பட்டது. வீராம்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து, கடல் பொங்குவது பற்றி எச்சரித்தார். போனில் வந்த செய்தி ஒரு காதில்தான் விழுந்தது. ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்கவே, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சுனாமி வருமுன் வெளியேறின. அழைப்பும் வேண்டியிருந்தது, ஒலிபெருக்கியும் வேண்டியிருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஒலிபெருக்கியே உயர்ந்தது, ஹெட்போன் தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும், நோயாளியையும், கைக்குழந்தையையும் கூம்பு ஒலிபெருக்கி படுத்தும் பாட்டை நாம் அறிவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தது காரணமின்றி அன்று. தம் பாட்டைத் தம் காதோடு வைத்துக்கொள்பவர் அண்டை வீட்டாருக்கு நன்மையே செய்கிறார். ஆனால் ஊரில் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு, ஊர்க் குரலும் ஓய்ந்துவிட்டால், எச்சரிக்கை போய்ச் சேரும் வழி ஒன்று குறைகிறது.

இதற்கு விஞ்ஞானமே ஒரு வழி காட்டுகிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட புதிய புளூடூத் ஒலிமுறை, பேச்சின் தரத்தை உயர்த்துவதோடு, ஒரே நிலையத்திலிருந்து அருகிலுள்ள எத்தனை ஹெட்போன்களுக்கு வேண்டுமானாலும் ஒலியை அனுப்பவும் இடமளிக்கிறது. ஏற்ற கருவிகள் இருந்தால், ஒரு கோயில் மண்டபத்திலோ மீன் இறங்குதளத்திலோ அறிவிப்பை அவரவர் காதுக்கே கொண்டு சேர்க்கலாம். செவித்திறன் குறைந்தோரின் கருவிக்கும் அனுப்பலாம். ஒருவர் காதுக்கென்று பிறந்த கருவி, பலர் காதுக்கும் பொதுவாக முடியும்.

தீர்ப்பு

பாட்டுக்கு இக்கருவி தக்கதே. பேச்சுக்கு, அமைதியான அறையில் போதும். காற்றடிக்கும் கரையில் போனையே காதில் வைத்துப் பேசுவது மேல். படகிலும் சாலையிலும் இரு காதுகளையும் அடைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. வாங்கும் முன் கடைக்கு வெளியே வந்து, வீட்டிலிருப்பவரை அழைத்து, “என் குரல் எப்படிக் கேட்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியைக் கடைதோறும் வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினால், மைக்கையும் தயாரிப்பாளர்கள் கவனிப்பார்கள்.