மணிமேகலை மன்னித்த கதை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி, மிளகு, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் எனக்குக் கூலவாணிகன் சாத்தனார் நினைவுக்கு வருவார். தானிய வியாபாரி பாடிய காப்பியம் மணிமேகலை. 1898-இல் உ.வே.சா. பதிப்பித்த நாள்தொட்டு அதைப் பௌத்த நூலாகவும் பசிப்பிணி தீர்த்த கதையாகவும் ஆய்ந்தோர் பலர். ஓர் இளம்பெண் உறவினரையும் தன்னையும் மன்னிக்கக் கற்ற கதையாகவும் அதைப் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை உருவம் கொள்கிறாள். அந்த உருவமே அவன் சாவுக்குக் காரணமாகிறது. தன் மனைவியோடு பேசுகிறான் என்றெண்ணிக் காஞ்சனன் அவனை வெட்டுகிறான். 'என்னாலதானே' என்று அவள் கலங்கும்போது, இது பழவினை என்கிறது கந்திற்பாவை.

மகனை இழந்த அரசி மணிமேகலையைச் சிறையிலிட்டு, அவளைக் கெடுக்க ஆளை ஏவி, புழுக்கறையிலும் அடைக்கிறாள். கடைசியில் மனம் தெளிந்த அரசி வணங்கும்போது மணிமேகலைக்குப் பொறுக்கவில்லை. முற்பிறப்பில் தன் கணவனாயிருந்தவனைப் பெற்றவள் என்று பதிலுக்குத் தானும் வணங்குகிறாள். மாமியாரை மன்னிச்ச மருமகள்னே சொல்லலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எல்லாமே பழவினை என்றால் யாருக்கும் பொறுப்பு இல்லாமல் போய்விடாதா? சாத்தனாரின் குறை இது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 26-ஆம் காதை என் எண்ணத்தை மாற்றியது.

வஞ்சியில் கண்ணகியின் படிமத்தின்முன் நிற்கிறாள் மணிமேகலை. வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற வழக்கு இருக்கட்டும். கொடுங்கல்லூர் என்றால் எங்க ஊரிலிருந்து பஸ்ஸில் போய் அன்றே திரும்பிவிடலாம். கணவனோடு இறக்காமலும் தவம் செய்யாமலும் ஏன் அப்படிச் செய்தாய் என்று தாயாக மதிப்பவளிடம் மகள் கேட்கிறாள். கோவலன் இறந்தது பழவினை என்று மதுராபதி சொல்லியும் தன் சினம் அடங்கவில்லை, ஊரை எரித்த வினை தன்னை விடாது என்கிறாள் கண்ணகி. சிலம்பில் நீதியாக எரிந்த தீ இங்கே எரித்தவள் வாயாலேயே குற்றமாகிறது. ஊழை அறிந்தும் தன் கோபத்தைத் தன்னுடையது என்கிறாளே, பெரியவர்கள் இளையவர்களிடம் இப்படிப் பேசுவது அபூர்வம்.

வீட்டோடு மனத்தாங்கலில் ரயிலேறி வந்தவர்கள் நம் சங்கத்தில் உண்டு. நானும் ஒருத்தன். அப்பா செய்ததையும் என் விதியையும் சொல்லியே பல வருஷம் போச்சு. இந்தக் காதையைப் படித்த பிறகுதான், அன்று நான் பேசியதும் தப்புதான் என்று அவருக்கு ஒரு கடிதம் எழுத முடிந்தது.