வறட்சி நிதியும் யமுனை நீரும்: சந்திரலேகாவின் ஆடலமைப்பில் ஒரு தீராக் கேள்வி

சந்திரலேகா (1928–2006) குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒரே நிகழ்விலிருந்து தொடங்குகின்றன. மகாராட்டிரத்தில் பிறந்து, சட்டப்படிப்பைக் கைவிட்டுச் சென்னையில் காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், 1952இல் இராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக மேடையேறினார். ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் நீர்ப்பெருக்கையும் நீர்விளையாட்டையும் அபிநயித்துக்கொண்டிருந்தபோது, தகரக் குவளைகளோடு தண்ணீருக்கு வரிசையில் நின்ற மக்களின் நாளிதழ்ப் படங்கள் நினைவில் எழுந்தன என்றும், அக்கணத்தில் தாம் இரு கூறாகப் பிளவுண்டதாக உணர்ந்ததாகவும் அவரே பின்னாளில் விவரித்துள்ளார்.

இந்நிகழ்வை நடனத் துறவின் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. 1960இல் ‘தேவதாசி’, 1972இல் ‘நவக்கிரகம்’ ஆகியவற்றை அவர் உருவாக்கினார். சுவரொட்டி வடிவமைப்பிலும் பெண்கள் இயக்கத்திலும் ஈடுபட்டிருந்த காலத்திற்குப் பின், 1984இல் மும்பையில் நிகழ்ந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பின் வழியே மீண்டும் அரங்கிற்கு வந்தார். அடுத்த ஆண்டின் ‘அங்கிகா’வில் அடவு, யோகம், களரிப்பயிற்று மூன்றும் அருகருகே வைக்கப்பட்டன. நாயகன் வரவுக்கு ஏங்கும் நாயகி அங்கு இல்லை. நரவாகனப் பகுதியில் ஆணை ஊர்தியாக்கிப் பெண் அமர்கிறாள். சாகித்தியத்தையே அவர் விலக்கிவிட்டார் என்பதும் மிகைக்கூற்று. பாஸ்கராச்சாரியாரின் கணித நூலைக் கொண்டமைந்த ‘லீலாவதி’ (1989) அதற்குச் சான்று.

எனினும் 1952இன் கேள்விக்கு விடை கிடைத்ததா? யமுனை மேடையிலிருந்து அகற்றப்பட்டது. தண்ணீருக்கு நின்ற வரிசை மேடைக்கு வரவில்லை. முரண்பாட்டை உள்ளடக்கத்தில் தீர்க்காமல் உடலின் இலக்கணத்திற்குள் அவர் இடம்மாற்றினார் எனலாம். முதுகெலும்பு மடங்கிய பெண்கள் நகரும் ‘ஸ்ரீ’ மட்டுமே அவ்வரிசைக்கு மிக அருகில் வருகிறது. அங்கும் வளைந்த முதுகு இறுதியில் பல கரங்கள் கொண்ட சக்தி வடிவமாக நிமிர்ந்துவிடுகிறது. அந்நிமிர்வு அழகியது, சற்று விரைவானதும்கூட.

இவ்விடைவெளி பழங்கதையன்று. அவர் வாழ்ந்து பணியாற்றிய பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வடக்கே, அதே கரையில் உள்ள காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்திறனுடைய கடல்நீர்க் குடிநீராலை 2010இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, மீன்பிடிப்போரின் பிழைப்பு நொடிந்துள்ளது. சபா மேடைகளில் யமுனை இன்றும் வற்றாமல் ஓடுகிறது.

ஆசிரியராக அவர் விட்டுச்சென்றது பாடாந்தரமன்று. அரங்கேற்றத்தை இலக்காகக் கொண்ட பள்ளியும் அன்று. ஒத்திகையே அவர் கற்பித்தலாக இருந்தது. அவருடைய குழுவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆடிய பத்மினி செட்டூர் 2001இல் தனிவழி தொடங்கி, மெதுவியக்கத்தையும் உடலின் வடிவக் கணிதத்தையும் மேலும் கடுமையாக்கினார். 2016இல் ‘வர்ணம்’ என்னும் ஆக்கத்தில், விட்டுவந்த மரபுப் பாடத்தையே மீண்டும் எதிர்கொண்டார். உடலை வினவும் முறை இவ்வாறு கைமாறியது. தகரக் குவளை கைமாறவில்லை.